தண்ணீருக்கு வழி விட்டவருக்கு

பனச்சமூட்டுப் பட்டறை ஆசானுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசானே,

இந்தக் கடிதத்தைப் பட்டறைக்கே வந்து உங்கள் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்பீர்கள். மடித்து வெல்டிங் மெஷின் மேல் வைப்பீர்கள். சாயங்காலம் அதில் கை துடைப்பீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்குச் சேர வேண்டிய பெயரை வேறொருவர் தட்டிக்கொண்டு போகிறார். அவர் பெயர் 'அந்தக் காலத்து இரும்பு'.

சந்தை கூடும் நாளில் பனச்சமூட்டுக்கு வரும் பிக்கப்புகளின் எண்பலகையைப் பார்த்தாலே நாம் எல்லைக்காரர்கள் என்று தெரிந்துவிடும். பாறசாலையின் கே.எல். 19, நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, மார்த்தாண்டத்தின் டி.என். 75 எல்லாம் ஒட்டி ஒட்டி நிற்கும். ஒன்றில் ஏத்தங்குலை, ஒன்றில் மரச்சீனி, ஒன்றில் மீன், ஒன்றில் ரப்பர் ஷீட்டு. அவற்றில் இருபது வயது தாண்டியவையும் உண்டு. அவற்றைச் சுட்டிக்காட்டித் தேநீர்க்கடையில் சொல்வார்கள்: "இப்பத்த தகரம் பப்படம் போல. இது பழைய இரும்பாக்கும்!" பேச்சு சூடேறினால் டெல்லி இரும்புத்தூண் வரைக்கும் போய்விடும்.

டெல்லித் தூணிலிருந்தே தொடங்குகிறேன். குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் அந்தத் தூணுக்குச் சுமார் 1,600 வயது. அது ஏன் அழியாமல் நிற்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். நனைந்தும் காய்ந்தும் வரும்போது அந்தப் பாஸ்பரஸின் துணையால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகிறது. காய்வதற்கு டெல்லியின் உலர்ந்த காற்று நேரம் கொடுக்கிறது. ஆனால் அதே தூணின், மண்ணுக்குள் புதைந்த பகுதியைத் தோண்டிப் பார்த்தபோது அங்கே துரு அரித்திருந்தது. ஒரே தூண், ஒரே இரும்பு. காற்று பட்ட இடம் பிழைத்தது; ஈரம் நின்ற இடம் அரிபட்டது. நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய இரும்பின் புகழ் பாடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்ப்பதில்லை. சந்தையில் நிற்கும் அந்தக் கிழட்டு வண்டியோடு அதே ஆண்டில், அதே கம்பெனியில் பிறந்த மற்ற வண்டிகள் எங்கே? எப்போதோ ஆக்கிரிக் கடைக்குப் போய், வெட்டி, உருக்கிக் கம்பியாகிவிட்டன. பிழைத்ததை மட்டும் எண்ணினால் பழையதெல்லாம் உறுதியாகத்தான் தெரியும். தகட்டுக் கனத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. இன்றைய கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட இராது. பழைய ஜீப்பு வகை வண்டிகளின் தகடு அதைவிடக் கனம். ஆனால் கனம் துருவை நிறுத்துவதில்லை, ஓட்டை விழும் நாளைத்தான் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போன நாட்களில் ஒருவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாரா என்பதுதான் கணக்கு. எங்கள் ஊரில் அப்படிக் குனிந்தவர் நீங்கள். அதற்காக ஒவ்வொன்றாக நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி, உங்கள் முதல் கேள்விக்கு. வண்டி எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று நீங்கள் எடுத்ததும் கேட்டதில்லை. "என்ன லோடு ஓடுது?" என்றுதான் கேட்பீர்கள்.

மீன் என்றால் உங்கள் முகம் மாறும். விழிஞ்ஞத்திலிருந்தோ தேங்காப்பட்டணத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ ஐஸ் போட்டு ஏற்றி வரும் மீனிலிருந்து வழியெல்லாம் உப்புநீர் வடியும். அது தொட்டியின் இணைப்புகள் வழியாக இறங்கிச் சேஸில் உட்காரும். வெறும் தண்ணீர் காய்ந்தால் போய்விடும். உப்புநீர் காய்ந்தாலும் உப்பு போகாது. அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது துருவின் வேகம் சட்டென்று கூடுகிறது என்று வெர்னன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே சோதித்துக் காட்டினார். உப்புப் படிந்த இரும்புக்கு அந்த அளவு ஈரம்கூட வேண்டியதில்லை. இடவப்பாதி மழையும் துலாமாத மழையும் இரண்டு பக்கமும் நெருக்கும் நம் ஊரில், மீன்வண்டியின் அடிப்பாகம் வெயிலில் நிற்கும்போதும் உண்மையில் நனைந்துதான் இருக்கிறது.

ரப்பர் ஷீட்டு வண்டி என்றால் அடுத்த கேள்வி வரும்: "ஆசிட் கன்னாசும் இதிலதானா?" ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் சிந்திய இடத்தில் பெயிண்டையும் விடாது, இரும்பையும் விடாது. மரச்சீனி வண்டியில் அமிலமும் இல்லை, உப்பும் இல்லை. ஆனால் கிழங்கோடு வரும் செம்மண் மூலைகளில் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஏத்தங்குலை வண்டிக்குத்தான் நீங்கள் கொஞ்சம் சிரிப்பீர்கள். வாழைக்கறை தகட்டில் கறுப்பாகப் படிந்து பார்வைக்கு அசிங்கமாக இருக்குமே தவிர, சேஸைத் தின்பதில்லை.

நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் ஒரு பெரிய நிறுவனம் நாடு முழுக்கக் கேட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. சிக்ரி என்பார்கள். பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவைத்து, எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து, இந்தியாவின் அரிமான வரைபடத்தையே அவர்கள் உருவாக்கினார்கள். அவர்கள் பார்த்ததில் மிகக் கொடுமையான இடங்களில் ஒன்று மண்டபம். 2025 ஏப்ரலில் அங்கே திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருவேறா எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சும் தேவைப்பட்டது அந்தக் காற்றால்தான். இரும்பின் ஆயுளை முதலில் அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. காரைக்குடிக்காரர்கள் தகடு வைத்து அறிந்ததை நீங்கள் லோடு கேட்டு அறிந்தீர்கள்.

இரண்டாவது நன்றி, உங்கள் சுத்தியலுக்கு. வண்டியைச் சுற்றி வந்து, மட்கார்டு ஓரம், கதவடி, கேபின் தரை என்று மெல்லத் தட்டிக்கொண்டே போவீர்கள். சத்தம் கணீரென்று வந்தால் நகர்வீர்கள். மொத்தென்று வந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு குத்து. பளபளவென்று பெயிண்ட் மின்னிய இடத்தில் அது பிடிவரை இறங்கும். சொந்தக்காரர் வாயடைத்து நிற்பார். "வெளிய தெரியும்போ உள்ள முடிஞ்சிருக்கும் மக்கா" என்பீர்கள்.

அது ஏன் அப்படி என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1920களில் கேம்பிரிட்ஜில் எவன்ஸ் என்றொரு வேதியியலாளர் இரும்புத் தகட்டின் மீது ஒரு சொட்டு உப்புநீரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டின் ஓரத்தில் காற்று நிறையப் புகும், நடுவில் குறைவு. எங்கே அதிகம் அரிக்கும் என்று கேட்டால் காற்றுப் படும் ஓரத்தில் என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். இரும்பு கரைந்தது நடுவில். ஆக்சிஜன் குறைந்த இடம் கரைந்து கொடுக்க, ஆக்சிஜன் மிகுந்த இடம் அதனால் காப்பாற்றப்படுகிறது. துரு இரண்டுக்கும் இடையில் வளையமாகப் படிகிறது. இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் புள்ளி வெல்டு அடித்த இணைப்பிலும் இதே கதைதான். வெளிவிளிம்பு காற்றில் இருக்கிறது. இடுக்குக்குள் போன நீர் மூச்சில்லாமல் கிடக்கிறது. இரும்பு அங்கேதான் கரைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஆகவே இணைப்பு உள்ளிருந்து விரியும், பெயிண்ட் பொம்மும், பொம்மிய இடத்தில் இன்னும் தண்ணீர் போகும். எவன்ஸின் சொட்டை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் சுத்தியல் அதைக் கேட்டிருக்கிறது.

மூன்றாவது நன்றிதான் பெரியது. "வெள்ளத்தத் தடுக்க நிக்காத. அதுக்குப் போவ ஒரு வழி விட்டுக் குடு." பட்டறைக்கு வந்த ஒவ்வொரு டிரைவருக்கும் நீங்கள் சொன்ன உபதேசம் இது. ஒரு பழைய பிக்கப் ஏன் தாங்குகிறது, இன்னொன்று ஏன் உதிர்கிறது என்பதற்கு நான் தேடிப் படித்ததெல்லாம் கடைசியில் இந்த ஒரு வாக்கியத்தில் வந்து முடிகிறது.

கதவையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் கதவுக்குள் வரக்கூடாது என்று எந்தக் கம்பெனியும் நினைப்பதில்லை. வரும் என்று தெரிந்துதான் கதவின் அடியில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். மண்ணடைந்தோ, யாரோ அடித்த பட்டியிலோ அந்த ஓட்டை மூடிவிட்டால் கதவு தொட்டியாகிவிடும். நீங்கள் மழைக்கு முன்னால் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை எடுத்துக்கொண்டு கதவடி, கேபின் தரை, படிப்பலகைப் பெட்டி என்று ஓட்டை ஓட்டையாகக் குத்தி வருவீர்கள். அதற்குக் காசு வாங்கியதை நான் பார்த்ததில்லை.

சேஸிலும் இதே பாடம். நம் பழைய லாரிகளிலும் மினி லாரிகளிலும் காணும் திறந்த 'சி' வடிவச் சட்டம் பார்வைக்கு முரடு. ஆனால் உள்ளே எதுவும் தங்காது. மண் விழுந்தாலும் தெரியும், குழாயைப் பிடித்தால் கழுவிவிடலாம், பிரஷ் உள்ளே போகும். நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டம் முறுக்குக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் சேறு உள்ளே போனால் வெளியே வரத் தெரியாது. இது நம்மூர் விஷயம் மட்டுமல்ல. உழைப்புக்குப் பெயர்போன டொயோட்டாவின் டகோமா பிக்கப்பிலேயே அமெரிக்காவில் சேஸ் அரித்து ஓட்டை விழுந்தது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும், சட்டத்தின் உள்ளே போதாத காப்பும் சேர்ந்து செய்த வேலை. 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளுக்கு 2008இல் அந்த நிறுவனம் காப்புறுதியை 15 ஆண்டாக நீட்டியது. பிந்தைய வண்டிகளுக்காக 2016இல் ஒப்புக்கொண்ட சமரசம் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் தொட்டது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். அதே வண்டிகள் அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் சேஸ் கெடாமல் ஓடின. எஞ்சின் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும், சட்டத்துக்குள் நின்ற உப்புத் தண்ணீருக்கு அது பதில் ஆகாது.

நான்காவது நன்றி, மூடி மறைக்காததற்கு. துருவின்மேல் ஒரு தகரத்தை ஒட்டவைத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துத் தருவது அரைநாள் வேலை. காசும் சீக்கிரம் கிடைக்கும். நீங்கள் நல்ல இரும்பு வரும்வரை வெட்டுவீர்கள். வெல்டின் பின்பக்கத்துக்கும் கை போகிற வழி செய்து பிரைமர் அடிப்பீர்கள். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு மழையில் ஓட்டினால் சொந்தக்காரரைத் திட்டுவீர்கள்; அது ஈரத்தை உள்ளே விடும், மேலே பெயிண்ட் வேண்டும் என்பீர்கள்.

இங்கே புது வண்டிகளுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். 1960களில் உலகக் கார்த் தொழிற்சாலைகளில் ஒரு மாற்றம் வந்தது. வண்டிக் கூட்டை முழுசாகப் பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, பிரஷ் எட்டாத இடுக்குக்குள்ளும் பிரைமரைப் படிய வைக்கும் முறை அது. கூட்டையே மின்முனையாக்கி அடிக்கும் இந்தப் பூச்சும், துத்தநாகம் பூசிய தகடும் சேர்ந்த வண்டி, கனத்த தகடு மட்டும் வைத்த பழைய வண்டியைவிடத் துருவை நன்றாகவே தாங்கும். துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஓர் உலோகத்தைப் பலி கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றலாம் என்று 1824இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செம்புத் தகட்டில் காட்டினார். 1837இல் பிரான்சின் சொரெல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் கடற்கரையின் எஃகுப் படகுகளில் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும் இதே தத்துவம்தான்.

ஆனால் தொழிற்சாலை கொடுத்த காப்பு முதல் விபத்து வரைக்கும்தான். மட்கார்டு நசுங்கி, பட்டறையில் வெட்டி வெல்டு அடித்த அன்றைக்கு அந்த இடத்தில் துத்தநாகமும் எரிந்துவிடுகிறது, தொட்டியில் முக்கிய பிரைமரும் கருகிவிடுகிறது. அதன்பிறகு அந்த வண்டியின் ஆயுள் ஒரு டிங்கரின் மனசாட்சியில் இருக்கிறது. சந்தையில் நிற்கும் பழைய பிக்கப்புகளில் நல்ல நிலையில் இருப்பவை பலமுறை வெட்டி ஒட்டப்பட்டவை. ஒட்டியவர் உள்பக்கத்தையும் நினைத்தார், அவ்வளவே.

பின்தொட்டியைக் கட்டிய ஆசாரிமாருக்கும் உங்கள் வழியாக ஒரு கும்பிடு. தகரத் தொட்டி அரித்துப்போன வண்டிகளுக்கு அயினிப் பலகை வைத்துத் தரை போட்டார்கள் அவர்கள். பலகை துருப்பிடிக்காது என்பது யாருக்கும் தெரியும். ஈரப்பலகை நேராகச் சேஸில் உட்கார்ந்தால் சேஸ் கெடும் என்று உங்களுக்குத்தான் தெரியும். இடையில் பழைய டியூப்பை வெட்டிப் போடச் சொன்னீர்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் இறங்க இடைவெளி விடச் சொன்னீர்கள். பலகையைப் போலவே துருப்பிடிக்காத உடல் லேண்ட் ரோவருக்கும் உண்டு. அது 1948இல் வந்தபோது போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் அதற்கு அலுமினியக் கலவையில் உடல் செய்தார்கள். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கில் 1950களின் லேண்ட் ரோவர்கள் இன்னும் சந்தக்பூ மலைக்கு ஆள் ஏற்றுகின்றன. ஆனால் அந்த அலுமினிய உடலுக்கு அடியில் இருப்பதும் எஃகுச் சேஸ்தான். உடல் எதனால் ஆனாலும் அடியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

நன்றிக் கடிதத்தில் வழக்கு வைக்கக்கூடாது. ஆனாலும் ஒன்று இருக்கிறது ஆசானே, கேட்டுக்கொள்ளுங்கள். வாட்டர் சர்வீஸ் முடித்த வண்டியின் அடியில் பழைய எஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து அடிக்கும் பழக்கம். எண்ணெய் பட்ட இரும்பில் தண்ணீர் ஒட்டாது என்பது சரிதான். ஆயில் ஒழுகும் கிழட்டு எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சேஸ் மட்டும் புத்தம் புதிதாக இருப்பதை நீங்களே காட்டிச் சிரித்திருக்கிறீர்கள். ஆனால் அடித்த ஆயில் வண்டியிலேயே நிற்பதில்லை. அடுத்த மழையில் இறங்கி நம் கிணற்றுக்குப் போகிறது. பழைய ஆயிலை அபாயக் கழிவு என்று அரசின் 2016 விதிகளே சொல்கின்றன. அதோடு அது ரப்பர் புஷ்களையும் ஊதவைத்துக் கெடுக்கும். மெழுகுக் காப்பு விலை கூடுதல்தான். வருடத்துக்கு ஒருமுறை இடுக்குகளில் மட்டும் அடித்தால் போதும். தண்ணீருக்கு வழி விடச் சொன்னவர், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டாமா?

அரசின் கணக்கும் ஒன்று உண்டு. எட்டு வயது தாண்டிய வணிக வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் 2022 முதல் கட்டணமும் பெரிதாகக் கூடியிருக்கிறது. அரித்துப்போன சேஸோடு ஆள் ஏற்றுவதைவிட அந்த வண்டி ஆக்கிரிக்குப் போவது நல்லது என்று நீங்களே பலருக்கு முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறீர்கள். வேலையை இழந்தும் அப்படிச் சொன்னீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி. எல்லாப் பழைய வண்டியையும் நீங்கள் காப்பாற்றவில்லை. எதைக் காப்பாற்றலாம் என்று அறிந்திருந்தீர்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்களிடம் தொழில் பழகிய பையன்களில் பலர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். உங்கள் கையில் இருப்பது இன்னும் எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஆகவே இந்த இடவப்பாதிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுங்கள். நம் சந்தைக்கு வரும் ஒவ்வொரு வகைப் பிக்கப்புக்கும் தண்ணீர் இறங்கும் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன, சேறு எங்கே தங்கும், எந்த இணைப்பைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் விரலால் காட்டுங்கள். நான் படமாக வரைகிறேன், தமிழிலும் மலையாளத்திலும் எழுதுகிறேன். பெரிதாக அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டுவோம். சந்தை வாசலில் ஒன்றும் வைப்போம். இதைப் படிக்கும் வண்டிக்காரர்களே, நீங்களும் அன்றைக்கு வாருங்கள். ஸ்போக்ஸ் கம்பி இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள்.


ஏத்தங்குலை வண்டிக்காரர் ஒருவரின் மகன்
பனச்சமூடு